உன் கல்யாணத்துக்காக மாத்திரையைக் கூட்ட மாட்டேன்

அன்புள்ள சரவணா,

முடியாது. நேற்று காலை நீ ஃபோனில் கேட்டதற்கு இதுதான் என் பதில். நல்லா இருக்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று ஆரம்பித்துக் கடைசியில் இதைச் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் ஓசூரில் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் நீ முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு மடித்து வைக்கிற ஆள். அதனால் முதல் வார்த்தையிலேயே போட்டுவிட்டேன். ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்பாய். ஃபோனில் நான் ஒன்று சொன்னால் நீ ஒன்பது சொல்கிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது அல்லவா, அந்தச் சுகத்துக்காகவே எழுதுகிறேன்.

"அம்மா, கல்யாணம் முடியற வரைக்கும் அந்தப் பழைய ஸ்டீராய்டையே கொஞ்சம் ஏத்திப் போட்டுக்கோமா. மூணு வாரம்தானே. புது ஊசி எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். பொண்ணு வீட்டுக்காரங்க முன்னாடி நீ நல்லா இருந்தா போதும்" என்றாய். எவ்வளவு பதமாகச் சொன்னாய்! ஃபோனைக் கட்டிலில் வீசினேன். அவ்வளவு கோபம். பிறகு யோசித்துப் பார்த்தால், நீ சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நான் எனக்கே சொல்லிக்கொண்டதுதான். இந்த விசேஷம் ஒன்று முடியட்டும், அப்புறம் உடம்பைப் பார்க்கலாம். பத்து வருஷமாக அந்த ‘அப்புறம்’ வரவே இல்லை. இந்தப் பேச்சை உனக்குப் பழக்கியதே நான்தான் என்பதால் உன்னை மனம் நிறையத் திட்டவும் முடியவில்லை.

என் நோயின் பெயர் உனக்குத் தெரியும், கதை தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டேன். நீ பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது மலத்தோடு ரத்தம் போக ஆரம்பித்தது. மூலம் என்று நானே முடிவு கட்டினேன். தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டு நாள் முழுக்க உட்காருகிற நம் தெருவில் யாருக்கு என்ன வந்தாலும் முதலில் மூலம்தான். துத்திக் கீரையை வதக்கித் தின்றேன், காரத்தை விட்டேன், ஒரு வருஷம் யாரிடமும் மூச்சுவிடவில்லை. கரையையும் உடலையும் தனித்தனி நூலில் நெய்து கோக்கிற கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும் என்பது உனக்குத் தெரியும். அப்பா புடவையின் உடலுக்கு நூல் நாடாவை வீச வேண்டும், கரைக்கு நான் வீச வேண்டும். நான் எழுந்து ஓடினால் தறி நிற்கும். ஒரு நாளைக்கு எட்டு முறை, பத்து முறை நின்றது. அப்பா ஒரு நாளும் ஏன் என்று கேட்கவில்லை. பின்னால் விசாரித்தால், நான் பின்கட்டில் போய் உன் பெரியம்மாவோடு ஃபோனில் பேசுகிறேன் என்று நினைத்தாராம். இவ்வளவு பேசுகிற பெண்ணைக் கட்டிக்கொண்டோமே என்று நொந்துகொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறார். அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயை மூடிக்கொண்டு இருப்பதைப் பெரிய மரியாதை என்று நினைக்கிற குடும்பம் இது. நீயும் இதில் பிறந்தவன்தான்.

கடைசியில் சென்னையில் குழாய் விட்டுப் பார்த்து, பெருங்குடலின் உள்பக்கம் முழுக்கப் புண் என்றார்கள். அல்சரேட்டிவ் கொலைடிஸ். காரம் தின்று வந்ததல்ல, கண் பட்டு வந்ததல்ல, யாருக்கும் ஒட்டாது. உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரனே வீட்டுக்காரனை அடிக்கிற மாதிரி என்று டாக்டரம்மா சொன்னார். முதலில் கொடுத்த மாத்திரைக்கு அடங்கவில்லை. அப்புறம்தான் ஸ்டீராய்டு கொடுத்தார். நாலாம் நாள் ரத்தம் நின்றது. பத்தாம் நாள் காலையிலிருந்து மதியம்வரை ஒரு தடவைகூட எழுந்திருக்காமல் நெய்தேன். அந்த மாத்திரை அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன் என்றால் சிரிப்பாய், உண்மையாகவே ஒற்றிக்கொண்டேன். "இது தீயை அணைக்கறதுக்கு மட்டும்தாம்மா. தினம் போட்டுக்கினு இருக்கற மாத்திரை கெடையாது. நான் சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சு நிறுத்திடணும்" என்றார் டாக்டரம்மா. நான் நன்றாகத் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

இனி நான் செய்த தப்பைச் சொல்கிறேன். உன் அத்தை மகளுக்கு வளைகாப்பு வந்தது. ஒரு நாள் முழுக்க மண்டபத்தில் இருக்க வேண்டும், ஒரே ஒரு கழிப்பறை, அதன் வாசலில் எப்போதும் நாலு பேர். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நடுவில் ஓட முடியுமா? பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கி, ஒரு வாரம் முன்பிருந்தே நானாகக் கூட்டிப் போட்டுக்கொண்டேன். நாளுக்கு எட்டு. விசேஷம் முடிந்ததும் நானாகக் குறைத்தேன். அது பலித்துவிட்டது, அதுதான் வினை. அதற்குப் பிறகு கிருகப்பிரவேசம், காதுகுத்து, பங்குனி உத்திரம், உன் பட்டமளிப்பு விழா என்று எதற்கும் புடவைக்கு இஸ்திரி போடுவதற்கு முன்னால் மாத்திரை எடுத்துவிடுவேன். அதற்கு நானே வைத்த பெயர் விசேஷ மாத்திரை. ஒரு விசேஷம் முடிந்து குறைப்பதற்குள் அடுத்தது வந்துவிடும், மாத்திரை முழுதாக நிற்கவே இல்லை. முகம் பூரி மாதிரி உப்பியது. உன் அத்தை எல்லார் எதிரிலும் என் கன்னத்தைக் கிள்ளி, "புள்ளை சம்பாதிக்கறான் இல்ல, அண்ணிக்கு முகமே பளபளன்னு ஆயிடுச்சு பாரு" என்றாள். நானும் வெட்கப்பட்டுச் சிரித்தேன். அந்தப் பளபளப்புக்குப் பின்னால் சர்க்கரை ஏறியது, எலும்பு தேய்ந்தது, படி ஏறினால் தொடை நடுங்கியது. உனக்குத் தெரிந்த குண்டு அம்மாவை உண்டாக்கியது உன் சம்பாத்தியம் இல்லை, கண்ணா.

அதைவிடக் கேவலமாக ஒன்று செய்தேன். மூன்று வருஷத்துக்கு முன் கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருந்தேனே, நினைவிருக்கிறதா? மாத்திரை சாப்பாட்டுக்குப் பிறகு போடுவது. சாப்பாடு இல்லை, அதனால் மாத்திரையும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு தின்ற உடம்பு, தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் சோம்பிக் கிடக்குமாம். திடீரென்று நிறுத்தினால் ஆளையே சாய்த்துவிடுமாம். நாலாம் நாள் தறிக்குழிக்குள்ளேயே சாய்ந்தேன். அப்பா என்னைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினார். உனக்கு விரத மயக்கம் என்று சொன்னோம். நீயும் நம்பி, "இந்த வயசுல விரதம் தேவையாமா" என்று என்னைக் கடிந்துகொண்டாய். பாவம் முருகன், செய்யாத தப்புக்கு உன்னிடம் திட்டு வாங்கினான்.

இங்கிருந்து சென்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், அங்கே டாக்டரம்மா என்னை உட்காரவைத்துக் கேட்டார். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. ஸ்டீராய்டிலிருந்து மீள அசாதையோபிரின் என்று ஒரு மாத்திரை கொடுத்தார். அது வேலை செய்ய மூன்று மாதம் ஆகும், வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டும் என்றார். மூன்றாவது வாரமே தலைமுடி கொத்துக் கொத்தாக வந்தது, ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மளமளவென்று இறங்கின. சிலருக்கு ஒத்துக்கொள்ளாதாம், அந்தச் சிலரில் நான் ஒருத்தி. உடனே நிறுத்தச் சொன்னார். அடுத்தது என்ன என்று பேச வரச் சொன்னார். நான் போகவில்லை. என்னிடம்தான் விசேஷ மாத்திரை இருக்கிறதே!

அந்தத் திமிர் இரண்டு மாதத்துக்கு முன் உன் நிச்சயதார்த்தத்தில் உடைந்தது. பத்து நாள் முன்பிருந்தே எட்டு மாத்திரை போட்டுக்கொண்டுதான் முசரவாக்கத்தில் பெண் வீட்டுக்கு வந்தேன். இந்த முறை அது கேட்கவில்லை. தட்டு மாற்ற எல்லாரும் உட்கார்ந்தபோது நான் சம்பந்தி வீட்டுப் பின்பக்கக் கழிப்பறையில் இருந்தேன். அண்ணி பூ எடுக்கப் போயிருக்கிறாள் என்று உன் அத்தை ஏதோ சொல்லிச் சமாளித்தாள். நீ பல்லைக் கடித்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். எனக்கோ பாவாடை முழுக்க ரத்தம். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். அப்போது கதவை யாரோ தட்டினார்கள்.

"அத்தே, நான்தான். நித்யா. வெளியில வேற யாரும் இல்ல. என்ன வேணும்?"

"ஒண்ணும் இல்லமா. நீ போ, உன்ன தேடப் போறாங்க."

"தண்ணி ரொம்ப நேரமா ஓடிக்கினே இருக்குது அத்தே. என்ன வேணும்னு சொல்லுங்க."

"உள்பாவாடை ஒண்ணு" என்றேன். கதவைக் கொஞ்சம் திறந்தேன், கை மட்டும் உள்ளே வந்தது. மடித்த பாவாடை, துண்டு, ஒரு பிளாஸ்டிக் பை. நிச்சயத்துக்கு மருதாணி வைத்த கை. நான் வந்து உட்கார்ந்த பிறகுதான் தட்டு மாற்றினார்கள். யாரிடமிருந்து இதை மறைக்க வேண்டும் என்று நேற்று நீ என்னிடம் கெஞ்சினாயோ, அந்தப் பெண்ணின் பாவாடையைக் கட்டிக்கொண்டுதான் உன் நிச்சயத்துக்கு உட்கார்ந்தேன்.

அடுத்த வாரமே அப்பாவைக் கூட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். "ஸ்டீராய்டு இனிமே உங்களுக்கு கேக்காதுமா. ஏத்தினா நோய் அடங்காது. எலும்புதான் இன்னும் போவும்" என்றார். வேறு வழிகளை ஒரு தாளில் எழுதிக் காட்டினார். ஒவ்வொரு பெயரையும் சொல்லி முடிப்பதற்குள் நம் பஸ் ஓரிக்கை ஸ்டாப்பைத் தாண்டிவிடும். இன்ஃப்ளிக்சிமாப் என்று ஒன்று, டிரிப்ஸில் ஏற்றுவது. சீக்கிரம் கேட்கும், ஆனால் உடம்பில் கிருமியை எதிர்க்கிற சக்தியைக் குறைக்கும். அதற்காகக் கையில் ஊசி குத்திப் பார்த்தார்கள், குத்திய இடம் தடித்தது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது என் அப்பாவுக்குக் காசநோய் இருந்தது. அந்தக் கிருமி இத்தனை வருஷமாக எனக்குள் தூங்கிக்கொண்டிருக்கிறதாம். அதை எழுப்பிவிடக் கூடாது என்று இன்ஃப்ளிக்சிமாபைத் தள்ளிவைத்தார். டோஃபாசிடினிப் மாத்திரை இருக்கிறதே, நீ இன்டர்நெட்டில் பார்த்துவிட்டு ரத்தம் உறையும், அக்கி வரும் என்று எனக்குப் பயங்கரமாக அனுப்பினாயே, அதையும் அவரே சொன்னார். வேகமாக வேலை செய்கிற மருந்துதானாம். எனக்குச் சர்க்கரையும் கொழுப்பும் இருப்பதால் இப்போதைக்கு வேண்டாம், தேவைப்பட்டால் பிறகு யோசிக்கலாம் என்றார். நோய் முற்றி ஆஸ்பத்திரியில் படுக்கும்படி ஆனால் கொடுப்பதற்கு வேறு மருந்துகள் உண்டாம்.

எதுவும் கேட்காவிட்டால் பெருங்குடலையே எடுத்துவிட்டு வயிற்றில் பை வைப்பது. அதைக் கேட்டதும் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். நான் போகவில்லை. "பையோட தறியில உக்கார முடியுமா?" என்று கேட்டேன். "பையோட மலையே ஏறறாங்கமா" என்றார். சரி, அதையும் எழுதிக்கொள்ளுங்கள், வேண்டுமானால் அதற்கும் வருகிறேன் என்றேன். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். பத்து வருஷத்தில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றுதான்.

இரண்டு பேருமாக வெடோலிசுமாப் என்று முடிவு செய்தோம். இதுவும் டிரிப்ஸ்தான். குடலில் மட்டும் வேலை செய்யும், மற்ற இடத்தைப் பெரும்பாலும் தொந்தரவு செய்யாது, அந்தத் தூங்குகிற கிருமிக்கும் பயம் குறைவு. அந்தக் கிருமிக்கென்று தனியாக மாத்திரையும் ஆரம்பித்தாயிற்று. ஒரே ஒரு குறை, இது மெல்லத்தான் கேட்கும். ஆறு வாரமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். முதல் ஊசி, இரண்டு வாரம் கழித்து இரண்டாவது, ஆறாவது வாரம் மூன்றாவது, பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. ஸ்டீராய்டை அவர் எழுதிக் கொடுத்தபடி வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டு வருகிறேன், நானாக ஒன்றும் செய்வதில்லை. நாளைக்கு முதல் ஊசி. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அது ஏறியிருக்கும். இரண்டாவது ஊசி பந்தக்கால் நடுகிற அன்று வருகிறது. உன் சித்தி நடட்டும், அவளுக்கும் இரண்டு கை இருக்கிறது. செலவை எப்படிச் சமாளிப்பது என்று நானும் அப்பாவும் பேசி முடித்துவிட்டோம்.

ஆக, உன் கல்யாணத்தன்று எனக்கு ரத்தம் நின்றிருக்காது. எனக்கு அதில் வருத்தம் இல்லையா? நிறைய இருக்கிறது. ஒரே பிள்ளை நீ. உன் பக்கத்தில் காலையிலிருந்து மாலைவரை அசையாமல் நிற்க வேண்டும் என்று எத்தனை வருஷம் ஆசைப்பட்டேன் தெரியுமா? புது மருந்து கேட்குமோ கேட்காதோ என்று பயமாகவும் இருக்கிறது. ஆனால் ஒரு நாள் நல்லவளாகத் தெரிவதற்காக இன்னொரு முறை என் உடம்பை நானே கெடுத்துக்கொள்ள மாட்டேன். நீ கேட்டாலும் மாட்டேன், உன் அத்தை கேட்டாலும் மாட்டேன். உன் குழந்தையைத் தூக்கும்போது என் இடுப்பு எலும்பு முறியாமல் இருக்க வேண்டும், அதுதான் இப்போது என் ஆசை.

நீ ஏன் கேட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். பரம்பரை வியாதி என்று சொல்லிக் கல்யாணத்தை நிறுத்திவிடுவார்களோ என்று பயப்படுகிறாய். அதனால்தான் நேற்று உன் ஃபோனை வைத்த கையோடு முசரவாக்கத்துக்கு பஸ் ஏறினேன். அப்பா, "நான் பேசட்டுமா?" என்றார். நீங்கள் பேசினால் அரை வார்த்தையில் முடிந்துவிடும், நானே போகிறேன் என்று கிளம்பினேன். சம்பந்தி அம்மா, அவர் வீட்டுக்காரர், நித்யா மூன்று பேரையும் உட்காரவைத்து, மூலம் என்று நினைத்ததிலிருந்து நாளைய ஊசிவரை சொன்னேன். பிறகு சம்பந்தி அம்மா, "இது பொறக்கப் போற புள்ளைங்களுக்கு வருமா?" என்றார். சில குடும்பங்களில் வரும், பெரும்பாலும் வராது, வரவே வராது என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது என்றேன். அவர் வீட்டுக்காரர், "யோசிச்சு சொல்றோம்மா" என்றார். அந்த ஒரு நிமிஷம் உன் கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேனோ என்று பயந்துபோனேன்.

"யோசிக்க என்ன இருக்குதுப்பா?" என்றாள் நித்யா. அப்பாவும் மகளும் உள்ளே போய்ப் பேசினார்கள். வெளியே வந்ததும் அவர் எனக்கு மோர் கொண்டுவரச் சொன்னார். நித்யாதான் என்னோடு பஸ் ஸ்டாப்வரை வந்தாள். "எனக்கு கோவம்தான் அத்தே. உங்க மேல இல்ல. ரெண்டு மாசமா தினம் பேசறாரு, அம்மாவுக்கு என்னன்னு கேட்டா அல்சர், கேஸ்னு சொல்லிக்கினு இருக்காரு. நீங்க வந்து சொன்னீங்க, சந்தோஷம். ஆனா அத அவரு சொன்னதா நான் எடுத்துக்க மாட்டேன். அவரா எனக்கு ஃபோன் பண்ணி சொல்லட்டும். அப்பறம்தான் மத்ததெல்லாம்" என்றாள்.

இவ்வளவுதான் நடந்தது. கல்யாணம் என்னால் நிற்கவில்லை. இனி நின்றால் உன்னால்தான் நிற்கும். இதைப் படித்து முடித்ததும் எனக்கு ஃபோன் செய்யாதே, அவளுக்குச் செய். நல்ல வார்த்தையாகத் தேடிக்கொண்டிருக்காதே, அம்மாவுக்குக் குடலில் புண், உன்னிடம் மறைத்தேன் என்று தொடங்கு. திட்டுவாள், வாங்கிக்கொள்.

மண்டபத்தில் கழிப்பறைக்குப் பக்கத்து அறையை எனக்கென்று சொல்லிவைத்துவிட்டேன். புடவைக்குள் என்ன கட்டிக்கொள்ள வேண்டும் என்பதையும் முடிவு செய்துவிட்டேன். உன் பக்கத்தில், மேடையில், முன்னால்தான் நிற்பேன். கெட்டிமேளம் கொட்டும்போது நான் எழுந்து ஓடினால் யாரும் பூ எடுக்கப் போனதாகச் சொல்ல வேண்டாம். நீ திரும்பிப் பார்க்காதே, தாலியைக் கட்டு.

உன் அம்மா